பெத்தாவிடம் யார் கேட்டது? திறன் குன்றியவர்களின் நலனை மதிப்பிடப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் ஏதாவது ஒரு கிளினிக்கில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். வயதான பெத்தா ஒருவர் கதிரையில் இருப்பார், பக்கத்தில் மகள் நிற்பார். வைத்தியர் பெத்தாவின் தலைக்கு மேலால் மகளைப் பார்த்துத்தான் கேட்பார்: சாப்பிடுகிறாரா, நித்திரை கொள்கிறாரா, குளிசை போடுகிறாரா. மகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "அவக்கு அறளை பெயர்ந்திட்டு டொக்டர், அவட்ட கேட்டு என்ன, நீங்க சொல்றதச் செய்வம்" என்பார். பெத்தா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருப்பார். ஐந்து நிமிடத்தில் அவருடைய மருந்து, சாப்பாடு, இனி யார் வீட்டில் இருப்பது என்பது வரை முடிவாகிவிடும். அந்த அறையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மகளுக்கு அம்மா மேல் உயிர், வைத்தியருக்கு வெளியே இன்னும் 60 பேர் காத்திருக்கிறார்கள். ஆனாலும் பெத்தாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை.

இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் பயிற்சி. ஒருவரால் தானாக முடிவெடுக்க முடிகிறதா, முடியாவிட்டால் அவருக்காக எடுக்கும் முடிவு உண்மையில் அவருடைய நலனுக்குத்தானா என்று மதிப்பிடச் சொல்லிக் கொடுப்பது இது. பத்து வருடத்துக்கும் மேலாக மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தாதியர், சமூக சேவை உத்தியோகத்தர்கள், முதியோர் இல்லப் பணியாளர்கள், உளசமூகப் பணியாளர்கள் என்று பலரோடு இந்தப் பயிற்சியை நடத்தி வருகிறேன். இப்போது புதியவர்கள் சிலர் இதை எடுத்து நடத்தப் போகிறார்கள். "எங்கிருந்து தொடங்குவது, என்ன சொல்லிக் கொடுப்பது" என்று கேட்டார்கள். அவர்களுக்கும், இதே வேலையில் இறங்கப் போகும் மற்றவர்களுக்கும் எழுதுகிறேன்.

ஆட்களைக் கூட்டுவது

12 முதல் 15 பேர் போதும். 40 பேரைக் கூட்டி மண்டபத்தில் பவர்பொயின்ட் போட்டால் சாப்பாட்டுப் பொதிதான் மிஞ்சும். ஒரே துறையில் இருந்து எல்லோரையும் எடுக்காதீர்கள். தாதியும், பிரதேச செயலகத்து சமூக சேவை உத்தியோகத்தரும், முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி விடுகிற அக்காவும் ஒரே வட்டத்தில் இருக்க வேண்டும். அந்த அக்காவுக்குத் தெரிந்தது மற்ற இருவருக்கும் தெரியாது. வீட்டில் பராமரித்த அனுபவமுள்ள ஒருவரையும், முடிந்தால் மனநோயில் இருந்து மீண்டு வந்த ஒருவரையும் அழையுங்கள். தன் சார்பில் மற்றவர்கள் முடிவெடுத்தபோது உள்ளே எப்படி இருந்தது என்பதை அவர் சொல்லும்போது அறை அமைதியாகும், நீங்கள் ஒரு மணி நேரம் பேசினாலும் அது நடக்காது.

நாள் குறிக்கும்போது வைகாசிச் சடங்கு, பெரும்போக அறுவடை, நோன்பு மாதம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மாரி வெள்ளத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து ஆட்கள் வருவது கஷ்டம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் சொற்கள்

முதல் நாள் காலையில் சட்டம் பேச வேண்டாம். பலகையில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "தானாக முடிவெடுக்க முடியாதவரை நம் ஊரில் என்னவெல்லாம் சொல்கிறோம்?" சொற்கள் கொட்டும். அறளை பெயர்ந்தது, சுயபுத்தி இல்லை, விசர், மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை, சின்னப்பிள்ளை மாதிரி. எல்லாவற்றையும் எழுதிய பிறகு ஒரு விஷயத்தைக் காட்டுங்கள். இந்தச் சொற்கள் எல்லாமே ஆளை முழுதாக மூடிவிடுகின்றன. ஒருவருக்கு ஒருமுறை அறளை என்று பெயர் விழுந்துவிட்டால் இன்றைக்கு இடியப்பமா புட்டா என்பதைக்கூட அவரிடம் கேட்க மாட்டோம்.

திறன் என்பது ஒரு குறிப்பிட்ட முடிவை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எடுக்க முடிகிறதா என்பது. அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு உடனே உதாரணத்துக்குப் போங்கள். சாய்ந்தமருதில் பாரிசவாதம் வந்து பேச்சுப் போன ஒரு வாப்பா என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் குளிசை எதற்கு என்று படம் காட்டினால் தலையாட்டி விளங்கியதைக் காட்டுகிறார். மகள் வீட்டில் இருப்பதா மகன் வீட்டிலா என்று கேட்டால் மகளின் கையைப் பிடிக்கிறார். காணி உறுதியை மாற்றி எழுதுவது பற்றிக் கேட்டால் குழம்பிப் போகிறார், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் கை காட்டுகிறார். முதல் இரண்டு முடிவையும் அவரே எடுக்கலாம். மூன்றாவதற்கு இன்றைக்கு அவரால் முடியவில்லை. அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்துப் பத்திரத்தில் வைப்பது எவ்வளவு பிழை என்பதை இந்த இடத்தில் வைத்தே பேசிவிடுங்கள், ஏனென்றால் அது நடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள்.

சட்டம், தேவையான அளவுக்கு

"நலன்" என்ற இந்தச் சிந்தனையை மிக விரிவாக எழுதி வைத்திருப்பது இங்கிலாந்தும் வேல்ஸும் பின்பற்றும் 2005ஆம் ஆண்டு உளத்திறன் சட்டம். 2007இல் நடைமுறைக்கு வந்தது. அதன் தொடக்கத்தில் ஐந்து கோட்பாடுகள் உண்டு. யாரையும் திறன் உள்ளவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவரே முடிவெடுக்கச் செய்யக்கூடிய உதவி எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகுதான் திறன் இல்லை என்று சொல்லலாம். ஒருவர் எடுக்கும் முடிவு நமக்குப் புத்தியில்லாத முடிவாகத் தெரிகிறது என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. திறன் இல்லாதவருக்காக எடுக்கும் முடிவு அவருடைய நலனுக்காக இருக்க வேண்டும். அவருடைய சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி வேறு உண்டா என்று பார்க்க வேண்டும்.

திறனைப் பார்க்க அந்தச் சட்டம் நான்கு விஷயங்களைக் கேட்கிறது: சொன்னது விளங்குகிறதா, முடிவெடுக்கும் அளவுக்காவது அதை மனதில் வைத்திருக்க முடிகிறதா, நல்லது கெட்டதைத் தூக்கிப் பார்க்க முடிகிறதா, முடிவை ஏதாவது வழியில் தெரிவிக்க முடிகிறதா. கொஞ்ச நேரம் மனதில் நின்றாலே போதும். நாளைக்கு மறந்துவிடுவார் என்பது காரணமாகாது. பேச்சு வேண்டும் என்றில்லை, கண் சிமிட்டினாலும் போதும். மூளையிலோ மனதிலோ உள்ள ஒரு பாதிப்பினால்தான் இது முடியாமல் போகிறது என்பதும் தெரிய வேண்டும்.

அங்கே இதற்கென்றே மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். ஒருவரைப் பராமரிப்பு நிலையத்திலோ வைத்தியசாலையிலோ சுதந்திரம் இல்லாமல் வைத்திருப்பது அவருடைய நலனுக்குத்தானா என்று பார்ப்பது அவர்கள் வேலை. 2009 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு அது. சமூகப் பணியாளர், தாதி, தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோரில் தகுதி பெற்று இரண்டு வருடமாவது வேலை செய்தவர்களே அதற்குப் படிக்க முடியும், அதன் பிறகும் வருடா வருடம் மேலும் பயிற்சி எடுக்க வேண்டும். மதிப்பிடப்படுகிறவரின் உறவினரோ, அவருடைய பராமரிப்பில் கைவைத்தவரோ, அவரால் பண லாபம் பெறுகிறவரோ மதிப்பீட்டாளராக இருக்க முடியாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், நம் ஊருக்கு அது மிகவும் தேவை.

அந்த ஏற்பாடு வரக் காரணமான கதையை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். பேச முடியாத, ஓட்டிசம் உள்ள ஒரு மனிதர். வளர்ப்புக் குடும்பம் ஒன்றோடு மூன்று வருடம் சந்தோஷமாக இருந்தவர். 1997இல் ஒருநாள் பகல்நேர நிலையத்தில் பதற்றப்பட்டதால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள், பிறகு மாதக்கணக்கில் விடவில்லை. அந்தக் குடும்பத்தைப் பார்க்கவும் அனுமதிக்கவில்லை. அவர் எதிர்ப்புக் காட்டவில்லை, ஆகவே அவர் தடுத்து வைக்கப்படவில்லை என்றார்கள். 2004இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது சுதந்திரத்தைப் பறித்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னது. "எதிர்ப்புக் காட்டவில்லை" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் நமக்கு எவ்வளவு தெரியும் என்று கேளுங்கள்.

சரி, இது அங்குள்ள சட்டம். இங்கே அப்படி ஒன்று இல்லை. இங்கிலாந்துப் படிவத்தைத் தமிழில் ஒட்டிக் கொடுத்துவிட்டு "இதுதான் சட்டம்" என்று சொல்லிவிடாதீர்கள், அப்படிச் செய்த பயிற்சிகளை நான் பார்த்திருக்கிறேன், ஆட்கள் குழம்பித்தான் போனார்கள். நமக்கு இருப்பது 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டம். அது பெரும்பாலும் ஆளை வைத்தியசாலையில் சேர்ப்பதைப் பற்றியது, முடிவெடுக்கும் திறன் பற்றிப் பேசாது. சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்க வேண்டுமானால் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். பிள்ளைகள் பெற்றோரைக் கவனிக்கும் கடமை பற்றி 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. இவற்றை விளக்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு சட்டத்தரணியை அழையுங்கள், காணி உறுதி, அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) பற்றிய கேள்விகளை அவரிடம் விடுங்கள், நீங்கள் பதில் சொல்லப் போகாதீர்கள்.

இதற்கெல்லாம் மேலாக, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆவது உறுப்புரை, மாற்றுத்திறன் உள்ள எவரும் சட்டத்தின் முன் மற்றவர்களைப் போலவே முழு ஆள் என்கிறது. அந்த சமவாயத்தின் குழு 2014இல் இன்னும் ஒரு படி போய், வளர்ந்தவர்கள் விஷயத்தில் "நலன்" என்ற அளவுகோலையே விட்டுவிட்டு, அந்த ஆளின் விருப்பத்தையும் தெரிவையும் முடிந்த அளவு சரியாகப் புரிந்து அதன்படி நடக்க வேண்டும் என்றது. நலனைப் பார்க்க வேண்டும் என்பவர்களும் விருப்பத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களும் இன்றும் வாதிடுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், படிவத்தில் "நலன்" என்று எழுதினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் எதை நல்லது என்று நினைத்து வாழ்ந்தவர்? நமக்கு நல்லதாகத் தெரிவது பிறகு வரட்டும்.

கதையை மூன்று தடவையாகக் கொடுப்பது

பயிற்சியின் நடுப்பகுதி முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். நான் பயன்படுத்தும் கதையைத் தருகிறேன். பல வீடுகளில் கண்டதைச் சேர்த்து எழுதியது, எந்த ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை.

முதல் தடவை ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள். கல்முனையில் இருக்கும் இளைய மகள் எழுதியது. படுவான்கரையில் அம்மாவுக்கு 74 வயது, மறதி நோய். மூத்த மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். மூத்த மகள் வெளிநாட்டில். அம்மா பின்னேரங்களில் வெளியே போய்விடுகிறார், இருட்டினாலும் உள்ளே வருவதில்லை, ஊருக்குள் யானை வருகிறது, வளவில் கட்டில்லாத கிணறு. "முதியோர் இல்லத்தில் சேர்க்க ஒழுங்கு செய்து தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று கடிதம் முடிகிறது. இதை வைத்து ஒவ்வொருவரும் தங்கள் முடிவை ஒரு தாளில் எழுதி மடித்து உங்களிடம் தரட்டும். பெரும்பாலானவர்கள் இல்லத்தில் சேர்க்கலாம் என்றே எழுதுவார்கள். கடிதம் நியாயமானது, யானையும் உண்மை.

இரண்டாவது தடவை மேலதிக விவரம். நடமாட்டம் கூடியது கடந்த மூன்று கிழமையாகத்தான். அதற்கு முன்னர் நித்திரைக்கென்று ஒரு புதுக் குளிசை தொடங்கியிருக்கிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிவதாகவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். இப்போது தாதியர் கையை உயர்த்துவார்கள். முதியவர்களுக்குத் திடீரென்று குழப்பம் கூடினால் கிருமித்தொற்று, உடலில் நீர் குறைவது, சீனி இறங்குவது, மலச்சிக்கல், புது மருந்து எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். சரியானால் திறன் திரும்பி வரலாம். திரும்பி வரக்கூடிய திறனுக்காகக் காத்திருக்க முடியுமானால் காத்திருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்தான நிலைமை வேறு, அங்கே சிகிச்சைதான் முதலில். இந்த இடத்திலேயே பாதிப் பேர் தங்கள் தாளைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

மூன்றாவது தடவை நடிப்பு. பங்குபற்றுபவர்களில் ஒருவர் அம்மாவாக இருக்கட்டும். அவருக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பைக் கொடுங்கள்: மகன் 1990இல் பிடித்துக்கொண்டு போகப்பட்டான். அன்றிலிருந்து பின்னேரம் கடப்படியில், அதாவது வளவு வாசலில், போய் நிற்பது வழக்கம். மறதி வந்த பிறகு அவர் புதிதாக அலையத் தொடங்கவில்லை, 30 வருடத்துக்கு மேலாகச் செய்ததை இப்போதும் செய்கிறார், உள்ளே வர வேண்டிய நேரம்தான் மறந்துபோகிறது. வேறு ஒருவர் போய் அவரோடு பேசட்டும். "ஏன் அம்மா வெளியில நிக்கிறீங்க" என்று சரியான விதத்தில் கேட்டால்தான் அவர் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும்: "அவன் வந்தா, கடப்படியில ஒராள் நிக்க வேணாமா?"

இங்கே ஒரு எச்சரிக்கை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்த அறையிலும் யாரையாவது இழந்தவர், இன்னும் தேடுகிறவர் ஒருவராவது இருப்பார். போர், 2004 சுனாமி இரண்டும் நம் வகுப்பறைக்குள் உண்டு. கதை எதைத் தொடும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், வெளியே போய் வர இடம் கொடுங்கள், அதன் பிறகு ஒரு தேத்தண்ணி இடைவேளை விடுங்கள். நடிக்க யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

இடைவேளைக்குப் பிறகு மடித்த தாள்களைத் திறக்கச் சொல்லி, இப்போது என்ன செய்யலாம் என்று கேளுங்கள். தொற்றுக்கு மருந்து, குளிசையை வைத்தியர் மறுபடி பார்ப்பது, கிணற்றுக்குக் கட்டும் மூடியும், கடப்படியில் ஒரு விளக்கும் உட்கார ஒரு வாங்கும், பொழுதுபட்டதும் கூட்டி வரப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒருமுறை ஒரு இளம் உத்தியோகத்தர் சொன்னதை நான் இன்றும் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாம் செய்தும் முடியாமல் ஒருநாள் அம்மாவை கல்முனைக்குக் கூட்டிப்போகத்தான் வேண்டும் என்றால், மகனின் படத்தை அவருடைய பெட்டிக்குள் வைத்து, புது விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடப்படியில் மாட்டி, பக்கத்து வீட்டுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதை அம்மா பார்க்கச் செய்ய வேண்டும் என்றார். நலனை மதிப்பிடுவது என்றால் இந்த அளவுக்கு ஆளைத் தெரிந்துகொள்வது.

கேட்கும் விதம்

பேசப் பழக்குவதற்கு அரை நாள் வேண்டும். நம் பெரியவர்கள் அரசாங்கத்து ஆள் ஒருவர் பைலோடு வந்தால் எதற்கும் "ஓம் ஓம்" என்பார்கள். அது மரியாதை, பல இடங்களில் பழைய பயமும். அதனால் ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வரக் கூடாது. "மகள் வீட்ட இருக்க விருப்பமா?" என்று கேட்டு ஓம் என்றால், கொஞ்சம் பொறுத்து, "இந்த வீட்டிலேயே இருக்க விருப்பமா?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஓம் என்றால் இன்னும் பதில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். "மகள் வீட்டுக்குப் போனா அங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டால் கதை வரும்.

கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா, பல்செட் எங்கே, சாப்பிட்டாரா. பல பேருக்குக் காலையில் தெளிவு, பின்னேரம் குழப்பம், ஆகவே உங்கள் வாகனத்தின் நேரத்தை விட்டுவிட்டு அவருடைய நேரத்துக்குப் போங்கள். அவர் பாயில் இருந்தால் நீங்களும் நிலத்தில் இருங்கள். ஊர்ப் பேச்சில் கேளுங்கள், படிவத்தின் தமிழ் வேண்டாம். சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர் என்றால் மொழிபெயர்க்க மருமகனைப் பிடிக்காதீர்கள், இந்த முடிவில் பங்கில்லாத ஒருவர் வேண்டும். முஸ்லிம் வீடுகளில் பெண்ணோடு தனியாகப் பேசப் பெண் ஒருவர் போவதும், தொழுகை நேரத்தைத் தவிர்ப்பதும் நல்லது. ஆளைத் தனியாகச் சந்திக்க ஒரு பத்து நிமிடமாவது எடுத்தே ஆக வேண்டும். "தேத்தண்ணி ஒன்று ஊத்துவீங்களா மகள்" என்று கேட்டால் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும்.

மற்றவர்களிடம் கேட்பது, யார் கேட்கலாம் என்பது

சத்தமாகப் பேசுகிற மகனோடு மட்டும் நின்றுவிடக் கூடாது. எதிரே இருக்கும் கடைக்காரர், கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் ஆட்கள், சின்ன வயதுத் தோழி, இல்லத்தில் இரவு வேலை செய்கிறவர், இப்படிப் போங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "அவர் நல்லா இருந்த காலத்தில் எது அவருக்குப் பெரிசு?" பெரும்பாலும் அவர்கள் தங்களுக்கு எது வசதி என்றுதான் பதில் சொல்லத் தொடங்குவார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி அதே கேள்விக்கு வாருங்கள். பராமரிக்கிறவரின் களைப்பும் முக்கியம், அதைத் தனியாக எழுதுங்கள், ஆளின் விருப்பத்தோடு கலக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகிறது, மாப்பிள்ளை வந்து சேர்கிறார். ஆகவே வயதான தாய் இருப்பது பல வீடுகளில் சட்டப்படி மகளின் வீடு. "அம்மா எங்கே இருக்க வேண்டும்" என்ற கேள்விக்கு அடியில் உறுதி யார் பெயரில், சாகும்வரை அங்கே இருக்கும் சீவிய உரித்தை வைத்திருக்கிறாரா, கொடுப்பனவுப் பணம் யார் எடுக்கிறார் என்பதெல்லாம் கிடக்கும். எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஒரு முடிவால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை எழுதி வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

மதிப்பிடுகிறவருக்கும் இது பொருந்தும். முன்னர் சொன்ன நிபந்தனை இதுதான். இங்கே ஒரே குடி, ஒரே கோயில், மச்சான் முறை, மாமி முறை என்று எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். தூர உறவை எல்லாம் தவிர்க்க முடியாது. ஆனால் நெருங்கிய உறவோ கொடுக்கல் வாங்கலோ இருந்தால் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், அந்த உறவை படிவத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். வகுப்பில் ஒவ்வொருவரும் தங்களுக்கு எந்த ஊரில் மதிப்பீடு செய்வது கஷ்டம் என்று சொல்லட்டும்.

பூட்டும் கட்டும்

இது கஷ்டமான பகுதி. வீட்டில் சேலைத் துண்டால் கட்டிலோடு கட்டி வைப்பது, அறையை வெளியே பூட்டுவது, இல்லத்தின் கேற்றைப் பகலிலும் பூட்டி வைப்பது, ஆளைத் தூங்க வைக்க மருந்து கொடுப்பது, தொலைபேசியை வாங்கி வைப்பது. ஒரு நாளில் காலை முதல் இரவு வரை அந்த ஆளால் தானாகச் செய்ய முடியாத எல்லாவற்றையும் பலகையில் எழுதச் சொல்லுங்கள். பட்டியல் நீள நீளப் பயிற்சிக்கு வந்தவர்கள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு வழக்கில் இரண்டு விஷயத்தைப் பார்க்கச் சொன்னது: ஆள் எந்நேரமும் கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கிறாரா, விட்டுப் போக அவருக்குச் சுதந்திரம் இருக்கிறதா. இடம் வசதியாக இருக்கிறது என்பது பதிலாகாது, தங்கக் கூண்டும் கூண்டுதான் என்றார் நீதியரசர் ஹேல்.

கட்டி வைத்த குடும்பத்தைத் திட்டப் பழக்காதீர்கள். கூலி வேலைக்குப் போகிற தாய், 23 வயது மகனை அறையில் பூட்டிவிட்டுப் போவது அவர் வாவிக்குள் இறங்கிவிடுவார் என்ற பயத்தில். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதட்டும்: எந்த ஆபத்துக்காக, அந்த ஆபத்து உண்மையில் எத்தனை தடவை வந்தது, இதைவிடக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி எது. வேலிக்கு ஒரு மணி, காலையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் மாமி, பகல்நேர நிலையம். அந்த மகன் சைக்கிள் கடையில் வேலை பழக ஆசைப்பட்டால், கையில் அடிபடும் என்பதற்காக அதை மறுக்க வேண்டுமா என்று கேளுங்கள். நாமெல்லாம் கையில் அடிபட்டுத்தானே பழகினோம்.

எழுதுவது

வேலைக்கு வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்துக்காக நான் ஒரு அறிக்கை எழுதினேன். ஐயா ஒருவர், கடல் தொழில் செய்தவர். "நோயாளி ஒத்துழைக்கவில்லை, சாப்பிட மறுக்கிறார், தொடர்ந்தும் மூடிய அறையில் வைப்பது நல்லது" என்று முக்கால் பக்கம். அவரோடு நான் இருந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. பல மாதம் கழித்து அங்கே சமைக்கிற ஒருவர் சொன்னார்: ஐயா எப்போதும் விடிய முன்னம் சாப்பிட்டுக் கடலுக்குப் போனவர், எட்டு மணிக்குக் கொடுத்தால் சாப்பிட மாட்டார், ஜன்னல் கிழக்கே பார்த்தால் சும்மா இருப்பார். நான் அவரிடமும் கேட்கவில்லை, சமைக்கிறவரிடமும் கேட்கவில்லை. என் எழுத்தால் அவர் அத்தனை மாதம் ஜன்னல் இல்லாத அறையில் இருந்தார். இதைப் பயிற்சியில் எப்போதும் சொல்வேன், ஏனென்றால் அந்த அறிக்கையை வாசித்த யாரும் அதில் பிழை காணவில்லை.

ஆகவே எழுதும் பயிற்சியில் பழைய வசனங்களை எடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். "ஒத்துழைக்கவில்லை" என்பதை வெட்டிவிட்டு என்ன நடந்தது என்று எழுத வேண்டும்: "கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பினார், 'விடிய முன்னம் தா' என்றார்." அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுத வேண்டும், நம் தமிழில் திருத்தக் கூடாது. எந்த முடிவு பற்றி மதிப்பிட்டோம், எந்த நேரம், யார் கூட இருந்தார்கள், விளங்க வைக்க என்னென்ன செய்தோம், அவர் விரும்பியதற்கு மாறாக ஏதாவது முடிவெடுத்தால் ஏன், குறைவாகக் கட்டுப்படுத்தும் வழிகளை ஏன் விட்டோம். இவ்வளவும் இருந்தால் படிவம் எந்த வடிவில் இருந்தாலும் பரவாயில்லை. கடைசியில் மறுபடி பார்க்கும் திகதி. இங்கிலாந்தில் இப்படியான அனுமதி அதிகபட்சம் 12 மாதத்துக்குத்தான், நாம் மூன்று மாதத்தில் பார்க்கலாம்.

வகுப்புக்குப் பிறகு

இரண்டு நாள் வகுப்பால் யாரும் மதிப்பீட்டாளர் ஆகிவிட மாட்டார்கள். முதல் இரண்டு வீட்டுக்குப் பழகிய ஒருவர் கூடப் போக வேண்டும், மூன்றாவது வீட்டில் புதியவர் பேச, பழகியவர் ஓரமாக இருக்க வேண்டும். ஓட்டோவில் திரும்பி வரும் வழியில் பேசுவதுதான் மிக நல்ல பாடம் என்பது என் அனுபவம், அந்த நேரத்தைக் கைத்தொலைபேசியில் கழிக்காதீர்கள். வைத்தியர், மனநலப் பிரிவு, பிரதேச செயலகம் மூன்றிலும் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பு முடியும்போதே அடுத்த சந்திப்புக்கு நாள் குறியுங்கள். மூன்று மாதம் கழித்து, அரை நாள். வரும்போது ஒவ்வொருவரும் தாங்கள் எழுதிய ஒரு மதிப்பீட்டைப் பெயரை மறைத்துக் கொண்டுவர வேண்டும். தாளை மாற்றி மாற்றி வாசிக்கட்டும். வாசிக்கிறவர் ஒரு சிவப்புப் பேனையோடு இருந்து, அந்த ஆள் தன் வாயால் சொன்னது எங்கே இருக்கிறது என்று தேடி அடிக்கோடு போடட்டும். கோடு ஒன்றுகூட விழாத தாளை எழுதியவர், அடுத்த கிழமை அந்த வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும்.